ஆயி மண்டபம்: குளம் ஓர் ஊரில், மண்டபம் வேறு ஊரில்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் பாரதி பூங்காவைத் தவறவிடுவதில்லை. கடற்கரைச் சாலையிலிருந்து சில நிமிட நடைதான். சுற்றிலும் ராஜ் நிவாஸ், சட்டப்பேரவை, அருங்காட்சியகம், பழைய பிரெஞ்சுக் கட்டடங்கள். நடுவில், நாலு பக்கமும் வளைவு வாயில்களோடு, கிரேக்க ரோமானியப் பாணித் தூண்களோடு வெள்ளையாக நிற்கிறது ஆயி மண்டபம். புதுச்சேரியின் அடையாளம் என்று எங்கே படம் போட்டாலும் பெரும்பாலும் இந்த மண்டபம்தான் வரும்.

வழிகாட்டிகள் இதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: ஆயி என்ற தாசி, கிருஷ்ணதேவராயர், குளம், மூன்றாம் நெப்போலியன். அவ்வளவுதான். ஒரு தாசி, ஒரு விஜயநகர அரசர், ஒரு பிரெஞ்சுப் பேரரசர் மூவரும் எப்படி ஒரே மண்டபத்துக்குள் வந்தார்கள் என்பதுதான் விளக்க வேண்டிய விஷயம். அதற்குப் பூங்காவுக்குள் மட்டும் பார்த்தால் போதாது. மேற்கே, உழவர்கரைப் பக்கத்தில் இருக்கும் முத்தரையர்பாளையத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மண்டபம் ஒரு தண்ணீர்ப் பாதையின் கடைசி முனை. அதன் முதல் முனை அங்கே இருக்கிறது.

முதலில் பூங்கா இருக்கும் இடம். பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக் கதை 1674-இல் பிரான்சுவா மர்தேனோடு தொடங்குகிறது. இடையில் டச்சுக்காரர்கள் 1693-இல் ஊரைப் பிடித்து 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பின் மர்தேன் கட்டிய லூயி கோட்டை 1706-இல் முடிந்தது. ஐந்து கொத்தளங்கள் கொண்ட ஐங்கோணக் கோட்டை. இன்றைய பூங்காவும் அதைச் சுற்றிய பகுதியும் அந்தக் கோட்டையும் அதன் முன்வெளியும் இருந்த வட்டாரம். பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷியாக இருந்த அனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நாம் படிக்கும் பரபரப்பெல்லாம், ஆளுநர் துய்ப்ளேக்சின் தர்பார், பீரங்கி வேட்டுகள், நவாபுகளின் வருகை எல்லாம், நடந்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான்.

அந்தக் கோட்டையில் ஒரு சுவர்கூட இன்று இல்லை. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூருக்கு அருகே ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். அதற்குப் பழி தீர்க்கும் வாய்ப்பு ஆங்கிலேயருக்கு 1761 ஜனவரியில் கிடைத்தது. நீண்ட முற்றுகைக்குப் பிறகு பசியால் சரணடைந்த புதுச்சேரியின் கோட்டையையும் அரண்மனையையும் ஐரோப்பியர் வாழ்ந்த வெள்ளை நகரத்தையும் தரைமட்டமாக்கினார்கள். 1763 ஒப்பந்தப்படி ஊர் திரும்பக் கிடைத்தபோது பிரெஞ்சுக்காரர்கள் கையில் வந்தது கற்குவியல். 1765-இல் வந்த ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் பழைய தெருக்கோடுகளை வைத்தே நகரை மறுபடி எழுப்பினார். புதிய ஆளுநர் மாளிகை எழுந்தது. கோட்டையை மட்டும் எழுப்பவில்லை. ஒரு நகரத்தின் மையத்தில், அதிலும் இவ்வளவு நெருக்கமாகக் கட்டப்பட்ட நகரத்தில், இத்தனை பெரிய திறந்தவெளி எப்படி வந்தது என்ற கேள்விக்கு இதுதான் பதில். அழிவு விட்டுச்சென்ற வெற்றிடம் அரசாங்கச் சதுக்கமாகி, பிறகு பூங்காவானது.

அதன் பிறகும் ஆங்கிலேயர் மூன்று முறை ஊரைப் பிடித்தார்கள். கடைசியாக 1816-இல் திரும்பக் கிடைத்தபோது இங்கே கோட்டை கட்டக் கூடாது, பெரிய படை வைக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. படைக் கனவு போனதால், நிர்வாகத்தின் கவனம் ஊர்ப் பணிகள் பக்கம் திரும்பியது. 1827-இல் பொது நூலகம், 1836-இல் கலங்கரை விளக்கம், பஞ்சாலைகள், 1866-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் என்று வரிசையாக வந்தன. குடிநீர்த் திட்டமும் இந்த வரிசையில் வந்ததுதான். பாலத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் கப்பல் வேண்டும். தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும்.

சரி, கடலோர நகரத்தில் கிணறு தோண்டினால் தண்ணீர் வராதா என்று கேட்கலாம். வரும். வெள்ளை நகரம் கடற்கரையோரத்து மணலும் வண்டலும் படிந்த தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது. மேலாக மழைநீர் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். கொஞ்சம் இறைத்தாலும், கோடை நீண்டாலும், உவர்ப்பு ஏறிவிடும். மேற்கே போகப் போக நிலம் உயர்ந்து, கோரிமேடு பக்கம் செம்மண் மேடாகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சிவப்பு மலைகள் என்றே அழைத்தார்கள். அந்த மேட்டின் அடியில் இருப்பது கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் சொல்லும் பாறைவகை. மழைநீரைக் குடித்து, வடிகட்டி, மெதுவாக விடும் பாறை. மேட்டின் சரிவு முடியும் இடங்களில் அந்த நீர் ஊற்றாகக் கசிகிறது. முத்தரையர்பாளையம் அப்படிப்பட்ட இடம். உயரமான இடம் என்பதால் அங்கிருந்து நீர் தானாகவே நகரத்தை நோக்கி இறங்கும். நீராவி இயந்திரமோ ஏற்றமோ வேண்டாம்.

இந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவர் பொறியாளர் லமெரெஸ். 1860-களின் தொடக்கத்தில் பிரெஞ்சிந்தியாவின் பொதுப்பணிகளுக்குத் தலைமைப் பொறியாளராக இருந்தவர். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்தரையர்பாளையத்து நல்ல தண்ணீரை நகரின் மையச் சதுக்கம் வரை கொண்டுவந்து சேர்த்தார். அந்த நீர் வந்து சேர்ந்ததன் நினைவாக எழுந்ததுதான் ஆயி மண்டபம்.

தண்ணீர் வந்ததற்கு மண்டபமா என்று இன்று நமக்குத் தோன்றலாம். அன்றைய பிரான்சுக்கு அது இயல்பான வழக்கம். ரோமானியர் காலத்திலிருந்தே, தொலைவிலிருந்து வரும் நீர்க்கால்வாய் நகரத்தில் முடியும் இடத்தை அலங்காரமாகக் காட்டுவது ஐரோப்பிய மரபு. மோம்பெலியே நகரில் 18-ஆம் நூற்றாண்டிலேயே கால்வாய் முடியும் இடத்தில் தூண்களோடு ஒரு நீர் மண்டபம் கட்டினார்கள். துய்ரான்ஸ் ஆற்று நீர் மார்சேய் நகருக்கு வந்ததைக் கொண்டாட லோன்ஷான் மாளிகை என்ற மாபெரும் கட்டடம் 1869-இல் திறக்கப்பட்டது. அதே பத்தாண்டில் பாரிசில், அந்நகரைப் புதுப்பித்த நிர்வாகி ஓஸ்மானும் அவருடைய நீர்ப் பொறியாளர் பெல்கிரானும் காலராவால் அடிபட்ட நகரத்துக்கு சேன் ஆற்று நீர் வேண்டாம், தொலைதூர ஊற்று நீர்தான் வேண்டும் என்று முடிவு செய்து, துய்ஸ் ஊற்றுகளின் நீரை 1865-இல் பாரிசுக்குக் கொண்டுவந்தார்கள். புதுச்சேரியில் நடந்தது இதே சிந்தனையின் சிறிய வடிவம்: அருகிலுள்ள கெட்ட நீரை விட்டுவிட்டுத் தூரத்து ஊற்றைத் தேடு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடவிடு, வந்து சேரும் இடத்தில் ஒரு மண்டபம் கட்டு. மண்டபத்தின் தூண்களும் வளைவுகளும் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு இந்த வழக்கமே காரணம்.

ஆனால் மார்சேயிலும் மோம்பெலியேயிலும் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. மண்டபத்தின் பெயர். பேரரசரின் பெயரும் இல்லை, ஆளுநரின் பெயரும் இல்லை. மண்டபம் எழுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே வாழ்ந்ததாக ஊர் சொல்லும் ஒரு தாசியின் பெயர்.

கதை இதுதான். கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் பயணம் வந்தார். உழவர்கரை அருகே மாலை மங்கும் நேரம். தூரத்தில் தீப ஒளியோடு, சிற்ப வேலைப்பாட்டோடு ஓர் அழகிய மாளிகை. கோயில் என்று எண்ணி அரசர் கைகூப்பி வணங்கினார். ஊர்ப் பெரியவர் ஒருவர், அது கோயில் இல்லை, ஆயி என்ற தாசியின் வீடு என்று சொன்னார். அரசருக்கு அவமானம், அவமானத்திலிருந்து கோபம். மாளிகையை இடித்துத் தள்ள உத்தரவு. ஆயி அரசரிடம் ஒன்று மட்டும் வேண்டிக்கொண்டாள்: இடிக்கும் வேலையை நானே செய்கிறேன். அப்படியே தன் வீட்டை இடித்து, அதே இடத்தில் தன் செல்வத்தை எல்லாம் செலவழித்துக் குளம் வெட்டி ஊருக்கு விட்டாள். அந்தக் குளத்து நீர்தான் பிறகு நகரத்துக்கு வந்தது. தாகம் தீர்ந்த மகிழ்ச்சியில் மூன்றாம் நெப்போலியன் அந்தக் குளத்தின் வரலாற்றைக் கேட்டறிந்து, அவளுக்கு ஒரு மண்டபம் எழுப்பச் சொன்னார் என்று கதை முடிகிறது.

இது வாய்வழிக் கதை. அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காகத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. கதை எதை நினைவில் வைத்திருக்கிறது, எதை மாற்றிச் சொல்கிறது என்று பார்க்கலாம். கிருஷ்ணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. அவர் தமிழகக் கோயில்களுக்கு வந்தவர். சிதம்பரத்தின் வடக்குக் கோபுரமும் திருவண்ணாமலையின் ராஜகோபுரமும் அவர் பெயரைச் சொல்கின்றன. எனவே உழவர்கரை வழியாக ஓர் அரச ஊர்வலம் போயிருக்கலாம் என்பது நம்ப முடியாத விஷயம் இல்லை.

ஆனால் உண்மையான கிருஷ்ணதேவராயர் ஏரி வெட்டுவதில் பெயர் போனவர். அவர் தலைநகருக்கு அருகே வெட்டிய பெரிய ஏரியின் வேலையைப் போர்ச்சுகீசியப் பயணி டொமிங்கோ பயஸ் நேரில் பார்த்திருக்கிறார். 15,000 முதல் 20,000 பேர் வேலை செய்ததாக எழுதுகிறார். ஊரின் கதை இதைத் தலைகீழாக்குகிறது. ஏரி வெட்டிய அரசர் இங்கே இடிக்கச் சொல்பவர் ஆகிறார். குளம் வெட்டிய புகழ், அவரால் தண்டிக்கப்பட்ட பெண்ணிடம் போய்ச் சேருகிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வணங்கியது தவறு என்று அரசர் நினைத்தார். ஊர் நினைக்கவில்லை. நீ கும்பிட்டது சரியான இடத்தைத்தான் என்று கதை அவருக்குப் பதில் சொல்கிறது.

தாசிகள் நீர்நிலை அமைத்த கதை இங்கே தனித்து நிற்பதும் இல்லை. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைப் பற்றி அந்தப் பக்கத்து மக்கள் பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தாசிச் சகோதரிகளின் கதையைச் சொல்வார்கள். தமிழகக் கோயில் கல்வெட்டுகளில் தேவரடியார்கள் தங்கள் பெயரில் நிலமும் பொன்னும் விளக்குகளும் கொடையாகக் கொடுத்த செய்திகள் ஏராளமாக உண்டு. சொந்தமாகச் செல்வம் வைத்திருக்கவும், அதைத் தன் விருப்பப்படி கொடுக்கவும் முடிந்த பெண்கள் அன்றைய சமூகத்தில் குறைவு. தேவரடியார்கள் அந்தக் குறைவானவர்களில் இருந்தார்கள். அதனால் ஆயி என்ற ஒருத்தி உண்மையிலேயே குளம் வெட்டினாளா என்பதை நிறுவ முடியாவிட்டாலும், அப்படி ஒரு பெண் வெட்டியிருக்கக்கூடிய உலகம் உண்மையாகவே இருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் ஏன் இந்தக் கதையை ஏற்றுக்கொண்டார்கள்? பேரரசர் மனம் நெகிழ்ந்தார் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் ஊகம் வேறு. லமெரெஸ் வெறும் பொறியாளர் இல்லை. தென்னிந்திய மக்கள் கவிதைகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1867-இல் நூலாக வெளியிட்டவர். பிற்காலத்தில் காமசூத்திரத்தையும் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனவர். ஊற்று இருக்கும் இடத்தில் வேலை பார்க்கும்போது அந்த ஊரார் சொன்ன கதையைக் காது கொடுத்துக் கேட்கக்கூடிய மனிதர். நிர்வாகக் கோப்புக்குள் ஒரு நாட்டுப்புறக் கதை நுழைந்தது என்றால், அது இப்படிப்பட்ட ஒருவர் வழியாகத்தான் நுழைந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாக இருக்காது. நீர் வந்து சேர்ந்த சதுக்கம் ஆளுநர் மாளிகைக்கு முன்னால் இருந்தது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே தமிழர் பகுதி என்று பிரிந்து கிடந்த ஊரில், தமிழர் ஊரிலிருந்து புறப்பட்ட தண்ணீருக்கான கொண்டாட்டம் வெள்ளையர் முற்றத்தில் நடந்தது. அதே ஆண்டுகளில் இந்தத் துறைமுகத்திலிருந்து ரெயூனியோன், குவாதலூப், மர்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ஒரு தமிழ்ப் பெண்ணின் கொடைக்கு மண்டபம் கட்டிய ஆட்சியும் அதுதான்.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல். அதன்பின் ஊரின் நினைவுச் சின்னங்கள் இடம் மாறின. 1870-இல் வைக்கப்பட்ட துய்ப்ளேக்ஸ் சிலை, செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்களுக்கு நடுவே கடலோரத்தில் கம்பீரமாக நின்றது. இன்று அந்தத் தூண்களுக்கு நடுவே நிற்பவர் காந்தி. துய்ப்ளேக்ஸ் கடற்கரைச் சாலையின் தென்பகுதிக்குப் போய்விட்டார். சதுக்கத்துப் பூங்காவுக்குப் பாரதியின் பெயர் வந்தது. 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் இந்த ஊரில் அடைக்கலம் இருந்தவருக்கு அது பொருத்தமான மரியாதை. ஆயி மண்டபத்தை மட்டும் யாரும் அசைக்கவில்லை, பெயரையும் மாற்றவில்லை. பேரரசர் காலத்துக் கட்டடம்தான்; ஆனால் பெயர் ஏற்கெனவே நம்முடையது. சுதந்திரத்துக்குப் பிறகு விளக்கம் சொல்லித் தற்காத்துக்கொள்ள வேண்டிய நிலை அதற்கு வரவில்லை.

மண்டபம் அசையவில்லை, தண்ணீரின் கதை மாறிவிட்டது. முத்தரையர்பாளையத் திட்டம் வந்து ஒரு பதினைந்து ஆண்டுக்குள், 1870-களின் பிற்பகுதியில், புதுச்சேரியில் ஆழ்துளை இட்டபோது தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வந்தது. பஞ்சாலையில் இடப்பட்ட துளை அப்படிப் பேர் வாங்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880-இல் அதைப் பற்றி எழுதினார்; சென்னைக்கும் இப்படி நீர் எடுக்க முடியுமா என்பது அவருடைய கேள்வி. அப்போதிருந்து ஊரின் கண் மேட்டு ஊற்றிலிருந்து ஆழத்துக்குத் திரும்பியது. மின்சார மோட்டார் வந்த பிறகு சொல்லவே வேண்டாம். தானாகப் பொங்கிய நீரை நாம் இழுத்து எடுக்கத் தொடங்கினோம்.

கடலோரத்தில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு, அதனால் அதன் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் நிற்கும். அந்த 1 மீட்டரை நாம் இறைத்துத் தீர்த்தால், கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறி வரும். நிலத்தின் அமைப்பைப் பொறுத்து இந்த எண்கள் மாறும், விகிதத்தின் கொடுமை மாறாது. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மாவட்டத்தின் மக்கள்தொகை ஒன்பதரை லட்சம். அவ்வளவு பேருக்கும், ஆலைகளுக்கும், விடுதிகளுக்கும், பாசனத்துக்கும் பெரும்பாலும் நிலத்தடி நீரே ஆதாரம். கடலோரப் பகுதிகளில் துளைக்குழாய் நீர் உவர்ப்பாக மாறியிருப்பதை அங்கே குடியிருப்பவர்கள் வாயில் வைத்தே சொல்வார்கள். 1860-களில் லமெரெஸ் எந்தப் பிரச்சினையிலிருந்து ஊரை மேற்கே அழைத்துப் போனாரோ, அதே உவர்ப்பு இன்று இன்னும் ஆழத்தில் இருந்து திரும்பி வருகிறது.

இதனால்தான் ஆயி மண்டபத்தை வெறும் அழகுக் கட்டடமாக மட்டும் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் கோயில் குளங்களில் நீராழி மண்டபம் குளத்தின் நடுவே நிற்கும். குளம் வற்றினால் படி இறங்குகிற எல்லோர் கண்ணிலும் படும். இங்கே குளம் ஓர் ஊரில், மண்டபம் வேறு ஊரில். மண்டபத்துக்கு வெள்ளை அடிக்கிறோம், விளக்குப் போடுகிறோம். ஊற்று எந்த நிலையில் இருக்கிறது என்பது அங்கே நின்று பார்க்கிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

செய்ய முடியாத காரியமும் இல்லை. அந்த ஊற்றுக்கு உணவு கோரிமேட்டுச் செம்மண்ணில் விழும் மழை, அதிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடித்துப் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. மேட்டில் கான்கிரீட் பரவப் பரவ, அந்த மழை மண்ணுக்குள் இறங்காமல் வாய்க்கால் வழியாக ஒரே நாளில் கடலுக்குப் போய்விடும். வடக்கே இதே செம்மண் மேட்டில் 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அது மரமில்லாத, மழை அரித்த பொட்டல் நிலம். வயல் வரப்புபோல் மேட்டு நிலமெங்கும் கரை போட்டு, மரம் வைத்து, மழையை அங்கேயே நிறுத்தினார்கள். இன்று அது காடு. முத்தரையர்பாளையத்துக்கு மேலே இருக்கும் திறந்த நிலங்களுக்கும் இப்போதே இதைச் செய்யலாம். கூடவே, மண்டபத்தின் அருகே ஒரு பலகை வேண்டும்: ஊற்று எங்கே இருக்கிறது, நீர் எந்த வழியாக வந்தது, இந்த மாதம் அங்கே நீர்மட்டம் எத்தனை மீட்டர் என்று தமிழில், மாதாமாதம் மாற்றி எழுதும் பலகை.